ஒரு முழம் தள்ளி வைத்த மைக்

ஆடி மாதத்தில் கல்யாண மண்டபத்துக்கு வேலை இல்லை. தாலி கட்ட ஆள் வராத மாதத்தில் பாட்டுக் கட்டவாவது ஆள் வரட்டுமே என்று, தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு மண்டபக்காரர் தன் மண்டபத்தைக் குழல்வாய்மொழிக்குத் திறந்துவிட்டார்.

குழல்வாய்மொழி பாட்டெழுதிப் பிழைக்கிறவர். நாடகத்துக்கு எழுதியிருக்கிறார், சினிமாவுக்கு எழுதியிருக்கிறார், ஒரு தடவை பல்பொடிக்கும் எழுதியிருக்கிறார். அவருக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. பாட்டெழுதப் படிக்க வந்தவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். ஆனாலும் கற்றுக்கொடுக்க உட்கார்ந்துவிட்டால் எல்லாருக்கும் டீச்சர்தான்.

மாடியில் சாப்பாட்டுக் கூடத்தில் வகுப்பு. வெளியே சாரல். முதல் நாள் டீச்சர் ஒரு பித்தளைத் தாம்பாளத்தைக் கூடத்தின் நடுவில் வைத்தார். சீர்வரிசைக்கு வைக்கிற பெரிய தாம்பாளம்.

"இங்க ஒரே சட்டம்தான்," என்றார். "எழுதினவங்க அவங்க பாட்டைப் பாடக் கூடாது. எழுதினதைக் காலையில இதுல வச்சிருங்க. பிடிச்சவங்க எடுத்துப் பாடட்டும். யாரும் எடுக்கலேன்னா, சாயங்காலம் எழுதினவங்களே எடுத்துக்கிடணும்."

"ஏன் எடுக்கலேன்னு கேக்கலாமா?" என்றார் காஜா மைதீன். அவர் பரோட்டாக் கடைக்காரர். கேள்வி கேட்காமல் அவரால் இருக்க முடியாது.

"என்கிட்ட கேக்கலாம். எடுக்காதவங்ககிட்ட கேக்கக் கூடாது."

"ஏன் டீச்சர்?"

"உங்க கடையில ஒருத்தர் பாதியில எந்திரிச்சுப் போனா, பின்னாலயே போயி ஏன் சாப்பிடலேன்னு கேப்பீங்களா?"

"கேப்பேனே."

"அதுக்குத்தான் பாய் சட்டம் போட்டிருக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவர் ஆவுடையப்பன். இந்தக் கதை அவருடையது.

ஆவுடையப்பன் மைக்செட்காரர். கோயில் கொடைத் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர். இப்போது கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். ஆயுள் முழுக்க அடுத்தவர் பாட்டை ஊருக்குப் போட்டுக் காட்டிய மனுஷருக்கு, தானும் ஒரு பாட்டு எழுத வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அந்தப் பாட்டைத் தன் மனைவி முப்பிடாதி பாட வேண்டும். அதைத் தான் கேட்க வேண்டும். கடைசி நாள் ஊர்க்காரர்களைக் கூட்டி ஒரு சின்னக் கச்சேரி உண்டு என்று தெரிந்ததும், முப்பிடாதியையும் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

"நான் எதுக்குங்க? நீங்க எழுதுங்க, நான் வீட்டுல இருந்து கேக்கேன்," என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அதெல்லாம் நடக்கவில்லை.

டீ குடிக்கிற நேரத்தில் ஆவுடையப்பன் தன் கதையை எல்லாருக்கும் சொன்னார். அந்தக் கதையை அவர் சொல்லாத இடமும் இல்லை, கேட்காத ஆளும் இல்லை.

"அன்னைக்கு அம்மன் கொடை. கன்னிப் பிள்ளைகள் வரிசையா வந்து பாடுது. ஒவ்வொண்ணுக்கும் மைக்கை வாய்க்கிட்டக் கொண்டுபோயி வைக்கேன், அப்பவும் கொசு கத்துன மாதிரிதான் கேக்கு. அடுத்தாப்ல இவ வந்து நின்னா. ஒத்த வரிதான் எடுத்தா! குழாய் கிழிஞ்சிருக்கும். ஓடிப்போயி மைக்கை ஒரு முழம் தள்ளி வச்சேன். அப்பவும் மேலத் தெருவு, கீழத் தெருவு, வயக்காடு வரைக்கும் கேட்டுச்சு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்."

"என்னன்னு அண்ணாச்சி?" என்றாள் ஜெனிட்டா. அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். லீவு போட்டுவிட்டுப் பாட்டெழுத வந்திருந்தாள்.

"இந்தக் குரலை வேற எந்த மைக்செட்காரனும் கட்டிக்கிட்டுப் போயிரக் கூடாதுன்னு."

கூடமே சிரித்தது. முப்பிடாதியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே டம்ளர்களைப் பொறுக்கிக் கழுவ எடுத்துப் போனாள்.

மறுநாள் காலையில் ஆவுடையப்பன் முதல் ஆளாக வந்து தாம்பாளத்தில் பாட்டை வைத்தார். இப்படி இருந்தது:

*அந்திவானச் செம்மையள்ளி அருவிநீரில் அலசியெடுத்து*
*அத்திமரக் குயில்மொழியில் அணுவணுவாய்ச் சேர்த்துவைத்துச்*
*செந்தமிழின் தேன்குழைத்துப் பிரமனவன் செய்தவளே*
*சிந்தையெல்லாம் நிறைந்தவளே சித்திரமாய் நின்றவளே…*

இப்படி இரண்டு பக்கம். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே எறும்பு நுழைய இடமில்லை. வாசித்தவர்கள் "பிரமாதம் அண்ணாச்சி" என்றார்கள். வாசித்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள்.

முப்பிடாதி வந்தாள். கணவரின் பாட்டை எடுத்தாள், நின்று முழுசாகப் படித்தாள், மடிப்புக் கலையாமல் வைத்தாள். பக்கத்தில் கிடந்த இன்னொரு தாளை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

அது காஜா மைதீன் எழுதியது.

*கல்லு சூடு கை அறியும்,*
*கை சூடு யாரறிவா?*
*வந்தவங்க பசி அறிஞ்சேன்,*
*வீட்டுப் பசி யாரறிவா?*

மெதுவாகத்தான் பாடினாள். பக்கத்தில் வட்டமாக உட்கார்ந்து கேட்டார்கள். பாடி முடித்ததும் காஜா மைதீன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தான் எழுதியது இவ்வளவு நல்ல பாட்டு என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஆவுடையப்பனும் கைதட்டினார். வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு தட்டினார். ஊரெல்லாம் திரிந்து பாட்டெழுதப் படித்து, கடைசியில் பெண்டாட்டி பரோட்டாப் பாட்டைப் பாடுவதைக் கேட்க வேண்டும் என்று அவர் தலையில் எழுதியிருக்கிறது.

ஜெனிட்டாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அண்ணாச்சி, உங்க பாட்டு முழுக்க அக்காவைப் புகழுதுல்லா? அவங்களைப் புகழுத பாட்டை அவங்களே எப்படிப் பாடுவாங்க? கண்ணாடி முன்ன நின்னுக்கிட்டு 'நான் எம்புட்டு அழகு'ன்னா பாட முடியும்?"

"அட, ஆமாலா!" ஆவுடையப்பன் தன் தொடையில் தட்டிக்கொண்டார். "எனக்கு இது தோணலையே."

அடுத்த நாள் அருவியைப் பற்றி எழுதினார். அதுவும் இரண்டு பக்கம். முப்பிடாதி படித்தாள், வைத்தாள், ஜெனிட்டாவின் பாட்டை எடுத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த நாள் ஆவுடையப்பன் ஒரு தந்திரம் செய்தார். அம்மனைப் பற்றி எழுதினார். அம்மன் பாட்டை எடுக்காமல் வைத்தால் சாமி குத்தம் ஆகிவிடாதா? எப்படி எடுக்காமல் போவாள், பார்த்துவிடுவோம் என்று தூண் ஓரமாக நின்றுகொண்டார்.

முப்பிடாதி வந்தாள். தாளை எடுத்தாள். படித்தாள். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பயபக்தியோடு திரும்பத் தாம்பாளத்திலேயே வைத்தாள்.

ஆவுடையப்பன் தூணைவிட்டு வெளியே வந்தார். மனைவியிடம் கேட்கக் கூடாது, சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் கேட்டிருக்க மாட்டார். பயம். 'உங்களுக்குப் பாட்டு எழுத வரல' என்று அவள் வாயால் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் என்ன செய்வது?

நேரே டீச்சரிடம் போனார்.

"டீச்சர், என் பாட்டுல என்ன குறை?"

டீச்சர் மூன்று பாட்டையும் வாங்கிப் பொறுமையாகப் படித்தார்.

"நல்லா இருக்கு அண்ணாச்சி."

"நல்லா இருந்தா ஏன் எடுக்க மாட்டேங்கா? கண்ட பாட்டையும் எடுக்கா. என் பாட்டை மட்டும் தொட்டுத் தொட்டு வைக்கா. நான் அவளுக்காகத்தானே எழுதுதேன்? வேற யாருக்கு எழுதுதேன்?"

டீச்சர் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்.

"கச்சேரிக்கு மைக்செட் யாரு கட்டுதா?"

"நான்தான். ஏன்?"

"இன்னைக்கே கட்டிருங்க. ஒரு ஒத்திகை பாத்துக்கிடுவோம்."

நான் வயிற்றுவலி என்று வந்தால் இந்த அம்மா கடிகாரத்தில் மணி என்ன என்று கேட்கிறார்களே என்று ஆவுடையப்பனுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் மைக்செட் என்று சொன்னால் அவர் கைகால் சும்மா இருக்காது. மகனுக்குப் போன் போட்டு ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் ஆட்டோவில் வரவழைத்தார். மத்தியானத்துக்குள் கீழே மணமேடையில் எல்லாம் தயார்.

ஒவ்வொருவராக வந்து பாடிப் பார்த்தார்கள். ஆவுடையப்பன் ஆளைப் பார்த்ததும் மைக்கை எங்கே வைப்பது என்று தெரிந்து வைத்தார். ஜெனிட்டா பயந்த குரல், அவளுக்கு வாயோரம். ஒரு பையன் கத்துகிற ரகம், அவனுக்குக் கொஞ்சம் சாய்த்து. தொழிலில் அவரைக் குறை சொல்ல ஆள் கிடையாது.

முப்பிடாதி மேடை ஏறினாள்.

ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "எல்லாரும் பாத்துக்கிடுங்க. இவளுக்கு மட்டும் தனிக் கணக்கு," என்று சொல்லி, மைக் ஸ்டாண்டைத் தூக்கி ஒரு முழம் தள்ளி வைத்தார். எங்கே தள்ளிப் போட்டது போதாதோ என்று இன்னும் இரண்டு விரற்கடை நகர்த்தினார்.

முப்பிடாதி மைக்கைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள்.

"ம், பாடு."

பாடினாள். உதடு அசைவது தெரிந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஜெனிட்டா இரண்டு கையையும் ஆட்டினாள்.

"கேக்கல அண்ணாச்சி!"

"வயர் லூசா இருக்கும்." வயரைப் பிடுங்கிச் சொருகினார். "ம், திரும்பப் பாடு."

பாடினாள். கேட்கவில்லை.

வயரை மாற்றினார். கேட்கவில்லை. மைக்கை மாற்றினார். கேட்கவில்லை. ஆம்ப்ளிஃபயரைத் திருகினார், அது ஊளையிட்டது. குறைத்தார், அடங்கிப் போனது. ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தார். மகனுக்குப் போன் போட்டார்.

"என்னல, ஓட்டை ஆம்ப்ளிஃபயரைக் குடுத்து விட்டிருக்க? … பின்ன ஏம்ல உங்க அம்மா பாடுதது கேக்கல? … யாரைல கேக்க, நேத்துப் பெறந்த பய எனக்கு மைக் வைக்கச் சொல்லித் தாரியா?"

போனைக் கட் பண்ணினார். ஆம்ப்ளிஃபயரின் மேல் மூடியைக் கழற்றி உள்ளே ஊதினார். ஊதினால் சரியாகும் என்பது மைக்செட்காரர்களின் நம்பிக்கை.

முப்பிடாதி மேடையில் நின்றுகொண்டே இருந்தாள். 'பாடு' என்றபோதெல்லாம் அதே நாலு வரியைப் பாடினாள். வேர்த்திருந்தது.

டீச்சர் எழுந்தார். மேடை ஏறி மைக் ஸ்டாண்டைத் தூக்கி, முப்பிடாதியின் வாயோரம் கொண்டுபோய் வைத்தார்.

"பாடுங்கக்கா."

முப்பிடாதி பாடினாள்.

குரல் மண்டபம் முழுக்க வந்தது. கொடையில் கேட்ட குரல் இல்லை. அது கணீரென்று போய் வயக்காட்டில் விழுந்த குரல். இது தணிவாக, கொஞ்சம் சொரசொரப்பாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. *கல்லு சூடு கை அறியும்* என்றாள். நிறுத்தி மூச்சு வாங்கினாள். அந்த மூச்சும் ஸ்பீக்கரில் கேட்டது. *கை சூடு* என்றாள். மறுபடி மூச்சு. *யாரறிவா?*

ஆவுடையப்பனின் கை திருகிலேயே நின்றுவிட்டது.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவருக்கு அடுத்த பாயில் படுத்திருந்தவளின் குரல் மாறியதே தெரியவில்லை. எந்தக் கொடையில் எந்தக் குழாய் இரைந்தது என்று கேட்டாலும் சொல்லிவிடுகிற காது அது. வெட்கமாக இருந்தது. அதைவிட, மேடையில் நின்று மூச்சு வாங்கிப் பாடுகிறவள்மேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் அவள் நெற்றியைத் துடைத்துவிட வேண்டும் போல இருந்தது. ஆள் இருக்கிறார்களே என்று மூடியை எடுத்து ஆம்ப்ளிஃபயருக்கு மாட்டினார்.

அன்று சாயங்காலம் கீழே பின்கட்டில் முப்பிடாதி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பன் போய் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவரும் ஒரு வெங்காயத்தை எடுத்தார்.

"ஏட்டி."

"என்னங்க?"

"எப்ப இருந்து?"

எது என்று அவள் கேட்கவில்லை. "சின்னவன் பெறந்ததுக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சுது. மேல போனா இப்ப கமறுது. கீழ வச்சுப் பாடினா ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கு."

"வீட்டுல பாடவே மாட்டேங்கியே."

"பாடுவேனே. நீங்க கடைக்குப் போனப்புறம்."

"நான் இருக்கையில ஏன் பாடல?"

"நீங்க இருக்கையில வாயைத் தொறந்தா, 'கொடையில பாடின மாதிரி பாடுட்டி'ன்னு சொல்லுவீங்க."

ஆவுடையப்பன் யோசித்துப் பார்த்தார். சொல்வார்தான். ஒரு தடவை தவறாமல் சொல்வார். பாராட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு சொல்வார்.

"அதான் முடியலேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

முப்பிடாதி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான்.

"அந்தக் கொடையைச் சொல்லும்போது உங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு நீங்க பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரலை."

ஆவுடையப்பன் கையிலிருந்த வெங்காயத்தை உரிக்காமலே, உரித்த குவியலில் போட்டார். அவள் அதை எடுத்து உரித்தாள்.

அவள் வேலை மும்முரத்தில் தன்னை மறந்து எதையோ முனகினாள். ஆவுடையப்பன் வாயைத் திறக்கப் போனார். திறந்ததை அப்படியே மூடிக்கொண்டார். அவள் முனகிக்கொண்டே இருந்தாள். எங்கே ஏறுகிறாள், எங்கே இறங்குகிறாள், எங்கே நிற்கிறாள் என்று அவர் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.

உரித்த வெங்காயத்தை மாடிச் சமையற்கட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். எப்போதும் ஆவுடையப்பன் விறுவிறுவென்று முன்னால் ஏறி, மேலே நின்று, "வாட்டி" என்று கூப்பிடுவார். அன்றைக்குப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு அவள் பின்னால் ஏறினார்.

படி திரும்புகிற இடத்தில் அவள் கைப்பிடியைப் பிடித்து நின்றாள்.

"நீங்க முன்னால போங்க. நான் வாரேன்."

ஆவுடையப்பன் போகவில்லை.

"போங்கன்னா. மூச்சு வாங்கிட்டு வாரேன்."

"நானும் வாங்கிக்கிடுதேன்," என்று அவரும் நின்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் இன்னும் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

மறுநாள் கச்சேரி. காலையில் தாம்பாளத்தில் ஆவுடையப்பன் வைத்த தாளைப் பார்த்துவிட்டு, மீதி எழுத மறந்துவிட்டாரோ என்று எல்லாரும் நினைத்தார்கள். ஒரு பக்கத்தில் கால்வாசிகூட இல்லை.

*முன்னால போங்க,*
*நான் வாரேன்.*
*மூச்சு வாங்கி*
*நான் வாரேன்.*

*படியில நின்னா*
*என்ன குறை?*
*பாதி வழியும்*
*வழிதானே.*

ஜெனிட்டாதான் முதலில் பார்த்தாள். படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். "அண்ணாச்சி, இதை நான் எடுத்துக்கிடட்டுமா?" என்று மடிக்கப் போனாள்.

பிடித்தவர் எடுக்கலாம், அதுதானே சட்டம். ஆவுடையப்பன் கல்லை விழுங்கியவர் மாதிரி நின்றார்.

"ஏ பிள்ள," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. முப்பிடாதி. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வேகமாக வந்தாள். "அதை இங்க குடு."

"அக்கா, நான் முதல்ல எடுத்தேம்லா?"

"குடுன்னு சொல்லுதேன்."

அந்தக் குரல் ஒருவேளை வயக்காடு வரைக்கும் கேட்டிருக்கும். ஜெனிட்டா கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் ஊர்க்காரர்கள் வந்தார்கள். சாரல் விட்டிருந்தது. முப்பிடாதி மேடைக்கு வந்தபோது ஆவுடையப்பன் மைக்கை அவள் வாயோரம் வைத்தார். உயரம் சரிபார்த்தார். ஊருக்குக் கேட்க வேண்டிய அளவுக்குத் திருகினார். பிறகு ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

காஜா மைதீன் அண்டா மூடியைக் கவிழ்த்து வைத்து மெதுவாகத் தாளம் தட்டினார். முப்பிடாதி பாடினாள். *மூச்சு வாங்கி* என்று பாடி, நிறுத்தி, நிஜமாகவே மூச்சு வாங்கினாள். அது பாட்டாகவே இருந்தது. முன்வரிசையில் ஒரு வயசான மனுஷர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டு தலையாட்டினார். இரண்டாம் தடவை *நான் வாரேன்* வந்தபோது பின்வரிசைப் பெண்கள் கூடச் சேர்ந்து பாடினார்கள். *பாதி வழியும்* என்றாள். கணவர் இருந்த பக்கம் பார்த்தாள். *வழிதானே.*

ஆவுடையப்பன் அழுதார். மறைக்கவும் இல்லை. மைக்செட்காரன் மேடையோரம் உட்கார்ந்து அழுததை அந்த ஊர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

எல்லாரும் சாப்பிட்டுப் போனபின் ஆவுடையப்பன் வயர் சுருட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தார். எதிர்ப்பக்கம் முப்பிடாதியைச் சுற்றி நாலு பெண்கள் நின்று அந்தப் பாட்டை எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"இதெல்லாம் ஒரு பாட்டா? இதுல ஒரு உவமை இல்ல. ஒரு வர்ணனை இல்ல. படியில நின்னு அவ சொன்னதை அப்படியே எழுதி வச்சிருக்கேன். இதைப் போயி ஓடிவந்து பிடுங்குதா. முன்ன எழுதினதெல்லாம் எம்புட்டு ஒசத்தி! ராத்திரியெல்லாம் முழிச்சு எழுதினது. அதுல ஒண்ணைக்கூட எடுக்கலையே?"

டீச்சர் வயரைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார்.

"அதெல்லாம் ஒசத்திதான் அண்ணாச்சி. கொடையில பாடின அந்தப் பிள்ளை இங்க வந்திருந்தா ஆசையா எடுத்திருக்கும். அக்கா அடுத்தவளுக்குன்னு எழுதினதை எடுக்கிற ஆள் இல்லையே."